டியூப் எத்தனை நாள் வந்தது?

"வரப்புல நின்னு பாத்தா வயலோட அடிமண்ணு தெரியுமாம்மா?"

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் எங்கள் மருத்துவமனையின் பேதாலஜி டாக்டர். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சிறு சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன நோய் என்று கடைசி வார்த்தை எழுதுகிறவர். தோல் பிரிவுக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு மாடியேறி வந்திருந்தார். கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், லேசர் ஒளியைத் தோலுக்குள் அனுப்பி உள்ளே இருக்கும் செல்களைத் திரையில் காட்டும் கருவி. அதன் முன்னால் உட்கார்ந்து படம் எடுக்க நியமிக்கப்பட்டவள் நான்.

"மேலேருந்து லைட் அடிச்சே நோயைச் சொல்லிடலாம்னா, நான் எதுக்கு இந்தக் கட்டடத்துல இருக்கேன்?" என்றவர், என் பக்கம் திரும்பி, "அப்பா என்ன பண்றாரு?" என்றார்.

"விவசாயக் கூலி சார். அம்மா நடவு ஆளு."

"அப்ப உன்னையே கேக்குறேன்" என்றுதான் அந்த வரப்புக் கேள்வியைக் கேட்டார். அறையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதில் தெரியவில்லை. தெரிவதற்கு மூன்று வருடம் ஆயிற்று.

இனி இந்த அறை, புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருடையது. பணி அனுபவம் எழுத ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு முப்பத்தோரு வயதுதான் ஆகிறது. ஆனாலும் ஆறு வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன், அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். கருவியை எப்படி இயக்குவது என்பது கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அதை எங்கே போனாலும் சொல்லுவேன், பெருமையாகவே சொல்லுவேன். நடவு ஆள் மகள் என்பதால் இந்தப் பக்கத்து மக்களை மற்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும் என்றும் நம்பினேன். நான் செய்த பெரிய தவறு அந்த நம்பிக்கையிலிருந்துதான் வந்தது.

முதலில் கருவி எதைக் காட்டுகிறது என்று சொல்லிவிடுகிறேன். நல்ல தோலை மேலிருந்து பார்த்தால் கறுப்பு நிலம், அதைச் சுற்றிப் பளிச்சென்று வெள்ளை வளையம். பக்கத்தில் இன்னொரு கறுப்பு, இன்னொரு வளையம். புத்தகத்தில் இதை மோதிரங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது மோதிரமாகத் தெரியவே இல்லை. வரப்பு கட்டிய வயல்கள். பேருந்தில் திருவையாறு தாண்டும்போது ஜன்னலில் பார்ப்பது போலவே இருந்தது. நம் மாநிறத் தோலில் அந்த வரப்புகள் இன்னும் எடுப்பாகத் தெரியும். தோல் லிம்ஃபோமா என்ற நோயில் ஒரு வகை வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடு இழந்து தோலில் வந்து குடியேறுகின்றன. அப்போது வரப்புகள் மங்கும், உடையும். மேல்தோலுக்குள் இருக்கக் கூடாத சின்னச் சின்ன உருண்டைச் செல்கள் ஏறி நிற்கும்.

வெளியே பார்த்தால் அது வெறும் வெளிறிய திட்டு. தேமல் என்பார்கள், சத்துக் குறைவு என்பார்கள், குஷ்டமோ என்று பயப்படுவார்கள். இது பல வருடம் மெதுவாக நகரும் நோய். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் ரொம்ப நாள் கட்டுக்குள் வைக்கலாம். பிடிப்பதுதான் கஷ்டம். சதை எடுத்துப் பார்த்தாலும் ஆரம்பத்தில் பல தடவை ஒன்றும் சொல்லாது.

சேர்ந்த புதிதில் நான் அடித்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வயதான ஒரு அம்மா வந்தார். சின்ன பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தபோது தோலில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் திட்டுகள். அதுவும் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்று படித்திருந்தேன். பரபரப்பாக எங்கள் பிரிவின் தலைமை டாக்டரிடம் ஓடினேன். மேடம் என்றுதான் அவரை எல்லாரும் அழைப்போம். அவர் வந்து ஒரு பார்வை பார்த்தார். ஈரப் பஞ்சில் சோப்பு தொட்டு ஒரு இழு இழுத்தார். திட்டு பஞ்சோடு போய்விட்டது.

"டாக்டரப் பாக்கப் போறோமேன்னு மஞ்ச தேச்சுக் குளிச்சிட்டு வந்தேன்" என்றார் அந்த அம்மா, பெருமையாக.

அன்றிலிருந்து முதலில் துடைப்பேன், பிறகுதான் பார்ப்பேன். மக்கள் நம்மிடம் வரும்போது தங்களைச் சரிசெய்துகொண்டு வருகிறார்கள் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மஞ்சளைப் பற்றிய பாடம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் அமுதா அக்கா வந்தார். அவருடைய உண்மைப் பெயர் இதுவல்ல. நாற்பதைத் தாண்டியவர், திருவையாற்றுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் நடவு ஆள். இரண்டு முன்கையிலும் கழுத்தோரத்திலும் வெளிறிய திட்டுகள். அரிப்பில்லை, வலியில்லை, உணர்ச்சி போகவில்லை. குஷ்டம் இல்லை என்று சோதித்துச் சொல்லியாகிவிட்டது. ஊரில் யாரும் நம்பவில்லை.

"நடவு வரிசையில நடுவுல நின்னவ நான். பாட்டெடுத்துக் குடுக்குறதே நான்தான்" என்றார். "இப்பக் கடைசில நிக்கச் சொல்றாளுக. ஒரு ஆளு நிக்கிற எடத்த விட்டு, அதுக்கப்பறம் நானு. டீத் தூக்கு வந்தா எனக்கு மட்டும் கொட்டாங்கச்சில ஊத்துறாளுக. இது என்னன்னு ஒரு பேரு சொல்லிடுங்க போதும். எந்தப் பேரா இருந்தாலும் சரி."

மேடத்துக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. என்னிடம் அனுப்பினார். "எங்கக்கா இருக்கு, காட்டுங்க" என்றேன். கையை நீட்டினார். கையைப் படம் எடுத்தேன். வரப்புகள் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். அந்த இடத்திலிருந்தே சதை எடுத்தார்கள். 'நாள்பட்ட அழற்சி, குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமில்லை' என்று முடிவு வந்தது. சில மாதம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி கை. மறுபடி அதே வரி.

இரண்டாம் முறை அவர் கட்டிலில் ஏறிப் படுத்தபோது ரவிக்கைக்குக் கீழே இடுப்போரமாக ஒரு வெளிறிய விளிம்பு ஒரு கணம் தெரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஏன் விட்டேன்? நடவுக்குப் போகும் பெண்கள் பாவாடை நாடாவை இறுக்கி முடிவார்கள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, ஆம்பளைச் சட்டையை மேலே மாட்டி, அதற்கு மேல் துண்டை வரிந்து கட்டுவார்கள். காலையிலிருந்து ஈரத்தில் குனிந்து நிற்கும்போது அந்தக் கட்டு இடுப்பை அறுக்கும். என் அம்மா இடுப்பில் நாடாத் தடம் இருக்கிறது. என் பெரியம்மா இடுப்பில் இருக்கிறது. எங்கள் பெண்களுக்கு இடுப்பில் தடம் என்பது நோயே அல்ல. நகரத்தில் வளர்ந்த ஒரு டெக்னீஷியன் அந்த விளிம்பைப் பார்த்திருந்தால் "இது என்னம்மா?" என்று கேட்டிருப்பாள். எனக்குத் தெரியும் என்பதால் நான் கேட்கவில்லை. கூச்சமும் சேர்ந்துகொண்டது. என் அம்மா வயதுக்கு நெருங்கிய ஒரு நடவு ஆளை இடுப்பைக் காட்டச் சொல்வதா? அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை அவர் வந்தது சம்பா நடவுக்குப் பத்து நாள் முன்னால். மேடம் இன்னொரு தடவை சதை எடுக்க வேண்டும் என்றார். அமுதா அக்கா நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.

"ரெண்டு தடவ கிள்ளி எடுத்தாச்சு. தையல் பிரியறதுக்குள்ள சேத்துல எறங்கி அது வேற புண்ணாப் போச்சு. கடேசியா ஒரே ஒரு தடவ. அதுலயும் ஒண்ணுமில்லன்னா இந்த ஆசுபத்திரிப் பக்கமே வரமாட்டேன். கொட்டாங்கச்சியிலயே டீயக் குடிச்சிட்டுப் போறேன்."

மேடம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு இடம். எங்க எடுக்கணும்னு நீ சொல்லு."

இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். அப்போது கை பரபரக்கும். எல்லாரும் காத்திருக்கிறார்கள், ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். வலது முன்கைத் திட்டுதான் பெரியது, அதைச் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முன்பே இரண்டு தடவை படம் எடுத்த இடம், காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

"தெரியலை மேடம். அரை மணி நேரம் குடுங்க" என்றேன்.

அந்த மூன்று வருடத்தில் நான் சொன்ன நல்ல வாக்கியம் அதுதான். மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "முக்கால் மணி எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்த முக்கால் மணியை நினைத்தால் இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

அறைக்கு வந்ததும் கருவியை நான் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எதாச்சும் மருந்து பூசுறீங்களாக்கா?" என்றேன். ஏற்கெனவே இரண்டு தடவை கேட்ட கேள்வி. இரண்டு தடவையும் "இல்ல" என்று சொல்லியிருந்தார். இந்தத் தடவை சுருக்குப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தார். சுண்டுவிரல் நீளம், அடியிலிருந்து மேல்வரை பாய் சுருட்டுவது போலச் சுருட்டியிருந்தார்.

"இது மருந்தா? மெடிக்கல்ல குடுத்த கிரீமு. கல்யாணம் காட்சின்னா கொஞ்சம் பூசிக்குவேன், திட்டு தெரியாது."

வாங்கிப் பார்த்தேன். வீரியமான ஸ்டீராய்டு. திட்டை மட்டுமல்ல, அடியில் இருக்கும் செல்களையும் கொஞ்ச நாள் கலைத்து மறைத்துவிடும். மருந்து பூசிய இடத்தையே நான் இரண்டு தடவை படமெடுத்திருக்கிறேன். சதையும் அங்கேயே எடுத்திருக்கிறோம். இனி மருந்தை நிறுத்திச் சில வாரம் காத்திருக்கலாம். ஆனால் அவர் வரமாட்டார்.

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். "இந்த ஒரு டியூப் எத்தனை நாள் வந்துச்சுக்கா?"

"பொங்கலுக்கு வாங்குனது. ஆடி போயிருச்சு, இன்னும் கெடக்கு பாரு."

"அவ்வளவு நாளா? எப்படி?"

"வெளிய தெரியிற எடத்துக்கு மட்டுந்தான பூசுறேன். உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறா?"

உள்ள இருக்கறது. கட்டிலில் அன்று தெரிந்த விளிம்பு அப்படியே என் கண் முன்னால் வந்து நின்றது.

"உள்ள எங்கக்கா?"

"அட, அது நாடா அறுத்த தடம் பாப்பா. எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"எங்கம்மாவுக்கும் இருக்கு. ஆனா பாக்கணுமே" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். அறைக் கதவில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. வெளியே வராந்தாவில் ஆண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். மூன்று வருடமாக அந்தக் கண்ணாடி அங்கேதான் இருக்கிறது. விலையுயர்ந்த கருவியை வைத்த அறையில் ஒரு திரை இல்லை என்று யாரும் கவனிக்கவில்லை. தினமும் உள்ளே இருந்த நானும் கவனிக்கவில்லை. குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் ஸ்டாண்டு இரண்டை இழுத்து வந்து, நடுவில் என் துப்பட்டாவைக் கட்டினேன்.

"என்ன பாப்பா, கூத்துக்குத் திரை கட்டுற மாதிரி கட்டுற?"

"ஆமா, நீங்கதான் ராஜபார்ட்டு. ஏறிப் படுங்க."

சிரித்துக்கொண்டே நாடாவைத் தளர்த்தினார்.

தடம் நாடா போகிற கோட்டில் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கோட்டோடு அது நிற்கவில்லை. இடுப்பின் இடப்பக்கம் கீழிறங்கி, பின்பக்கம் வரை திட்டுத் திட்டாகப் பரவியிருந்தது. தோல் லேசாகச் சுருங்கி, மெல்லிய காகிதம் போல. கயிறு அறுத்தால் அப்படி ஆகாது. துடைத்தேன். கருவியை வைத்தேன்.

வரப்புகள் உடைந்து கிடந்தன. அது மட்டும் போதாது. நிறம் போன எந்தத் தோலிலும் வரப்பு மங்கும். கருவியின் பார்வையை ஒரு நூலளவு மேலே ஏற்றிப் பார்த்தேன். மேல்தோலுக்குள் சின்ன உருண்டைகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒரு கறுப்புப் பொந்துக்குள் நாலைந்து கும்பலாக. பக்கத்துத் திட்டில் பார்த்தேன், அங்கும் இருந்தன. நல்ல தோலில் வைத்துப் பார்த்தேன், அங்கே இல்லை. பிறகுதான் மேடத்தைக் கூப்பிட்டேன்.

"இடது இடுப்பு. நாடாவுக்குக் கீழ மூணு விரக்கடை."

"ரெண்டு தடவையும் கையத்தான காட்டின?"

"தப்புதான் மேடம். போன தடவையே இதோட ஓரத்தப் பாத்தேன். நாடாத் தடம்னு நெனச்சு விட்டுட்டேன்."

அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கருவியில் தெரிந்த படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பேனாவை என் கையில் கொடுத்தார். "ரிப்போர்ட்ல அதையும் எழுது. இப்ப நீயே வட்டம் போடு."

சதைத் துண்டை நானே கீழே கொண்டுபோனேன். படங்களையும் எடுத்துப் போனேன். பேதாலஜி டாக்டர் படங்களைத் தள்ளி வைத்தார். "இது இருக்கட்டும். எங்கேருந்து எடுத்தது? மருந்து பட்ட எடமா, படாத எடமா?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். டியூபைப் பற்றியும், துப்பட்டாவைப் பற்றியும்கூட. அவர் எழுந்து போய், அலமாரியிலிருந்து அமுதா அக்காவின் பழைய இரண்டு ஸ்லைடுகளையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். "இதையும் மறுபடி பாக்குறேன். நானும் கேக்காம எழுதிருக்கேன்ல." அவர் வயதுக்கும் அனுபவத்துக்கும் என்னிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

சில நாள் கழித்து மாடிக்கு ஆள் அனுப்பினார். போனேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து விலகி நாற்காலியைக் காட்டினார். "பாரும்மா."

மேல்தோலின் அடி ஓரம் முழுக்க, கருத்த செல்கள் வரிசையாக நின்றன. நட்டு முடித்த வயலில் நாற்று நிற்பது போல ஒன்றன்பின் ஒன்றாக. சில வரிசை மீறி மேலே ஏறியிருந்தன. நான் மேலிருந்து பார்த்த உருண்டைகள் இவைதான். அவர் பக்கவாட்டில் பார்க்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"சாயம் போட்டும் பாத்துட்டேன். தோல் லிம்ஃபோமாதான், ஆரம்ப நிலை" என்றார். "ஆனா ஒண்ணு. உன் பொட்டி இத சொல்லல."

"இல்ல சார். வரப்புல நின்னு பாத்தா அடிமண்ணு தெரியாது. எங்க தோண்டணும்னு தெரியும்."

அவருக்கு அந்தப் பழைய கேள்வி நினைவிருந்தது. வாய்விட்டுச் சிரித்தார். "அதயும் உன் பொட்டியா சொல்லிச்சு? டியூப்புல்ல சொல்லிச்சு!"

அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து அவர் தம் அறைக்குச் சதையோடு வரும் விண்ணப்பத் தாளில் ஒரு வரி சேர்த்துவிட்டார்: மருந்து பூசிய இடமா, பூசாத இடமா. அது காலியாக இருந்தால் சதையை எடுத்துக்கொள்ளமாட்டார், திருப்பி அனுப்புவார். நீங்களும் திட்டு வாங்குவீர்கள். வாங்குங்கள், நல்லது.

அமுதா அக்காவிடம் மேடம் எதையும் மூடவில்லை. இது ஒரு வகைப் புற்றுநோய், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், ஒளிச் சிகிச்சை இருக்கிறது, தொடர்ந்து வர வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அக்கா கேட்டது இரண்டே கேள்வி.

"குஷ்டம் இல்லல்ல?"

"இல்ல."

"ஒட்டாதுல்ல?"

"யாருக்கும் ஒட்டாது."

"அத மட்டும் எழுதிக் குடுங்க. பெரிய எழுத்தா எழுதுங்க. எங்கள நடவுக்குக் கூட்டிட்டுப் போறவளுக்குக் கண்ணு மங்கல்."

மேடம் எழுதினார். நோயின் பெயரை எழுதவில்லை. ஒட்டாது என்பதை மட்டும், ஒரு முழுத் தாளில், கட்டை விரல் உயர எழுத்தில். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

வாரம் மூன்று நாள் பேருந்தேறி வந்தார் அக்கா. "வெயில்லயே பொறந்து வெயில்லயே வளந்தவ, லைட்டுல நிக்கறதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா?" என்று ஒவ்வொரு தடவையும் ஒளிப்பெட்டிக்குள் போகும்போது அலுத்துக்கொள்வார். ஒரு நாளும் தவறவில்லை. இரண்டு தடவை சம்பா நடவு வந்தது, அப்போதும் தவறவில்லை. நான் அவ்வப்போது அதே இடத்தில் படம் எடுத்தேன். உருண்டைகள் குறைந்தன. உடைந்த வரப்புகள் ஒவ்வொன்றாக மறுபடி எழுந்தன. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"எங்க ஊரு வயலாட்டம் இருக்கு" என்றார், நான் எதுவும் சொல்லாமலே. பிறகு நாடாவை முடிந்துகொண்டே, "இந்தத் தடவ நடுவுல நின்னேன்" என்றார். டீ எதில் ஊற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "டம்ளரு."

நோய் முழுக்க விலகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, திரும்ப வரலாம். அதனால்தான் அவர் இன்னும் வருகிறார். அடுத்த முறை உங்களிடம் வருவார். நீங்கள் கேட்பதற்கு முன்னால், "துடைச்சிட்டியா?" என்று அவரே உங்களைக் கேட்பார். பயப்படாதீர்கள்.

உங்களுக்கு விட்டுப்போவது கருவி, கையேடு, கதவுக் கண்ணாடிக்கு நான் தைத்துப் போட்ட நீலத் திரை, ஒரு கேள்வி. "எங்க இருக்கு" என்று கேட்டால் காட்டத் துணிந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். "டியூப் எத்தனை நாள் வந்தது" என்று கேளுங்கள். உங்கள் ஊர், உங்கள் சனம் என்று தோன்றுகிற ஆளிடம் இரண்டு தடவை கேளுங்கள்.

மயிலாடுதுறையில் இதேபோல ஓர் அறை தொடங்குகிறார்கள். பூம்புகார்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இனித் தஞ்சாவூர் வரை வர வேண்டியதில்லை. என்னை அனுப்புங்கள் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அறையைப் பார்த்துவிட்டும் வந்தேன். ஜன்னலில் காவிரி தெரிகிறது, கதவில் இங்கே போலவே ஆள் உயரக் கண்ணாடி. கருவி வர இன்னும் ஒரு வாரம் ஆகுமாம்.

அங்கும் ஒரு திரையை மாட்டிவிட்டேன்.